பூட்டுக்காரர் வீட்டு நெட்டுப் பெட்டி

என் நெஞ்சுக்கு இனியவளும், வாய் மட்டும் கொஞ்சம் காரமானவளுமாகிய அன்பு நாத்தனாருக்கு, உன் அண்ணி ஆசையோடு எழுதிக்கொண்டது.

இங்கே நான் நலம். என் தையல் மெஷின் நலம். என் வலது முழங்கால் மழை வந்தால் மட்டும் நலமில்லை, மற்றபடி அதுவும் நலம். அங்கே நீயும், உன் வீட்டுக்காரரும், பிள்ளைகளும், போன தடவை வந்தபோது நீ எடுத்துப் போய் இன்றுவரை திருப்பித் தராத என் பெரிய கத்தரிக்கோலும் சுகமாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். உன் அண்ணன் நலமா என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உடனே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்காராதே. காய்ச்சல் இல்லை, கீழே விழலை, அடிபடலை. ஒரே ஒரு விஷயத்தை மறந்துட்டார், அவ்வளவுதான். ஆனா அதை மறந்ததுலேர்ந்து மனுஷன் மனுஷனா இல்லை. ஆறு நாளா கடையைத் திறக்கலை.

கேட்டியா? ஆறு நாளா! எங்க கல்யாணத்தன்னைக்குக் காலையில யாரோ பீரோ சாவியைத் தொலைச்சுட்டாங்கன்னு அதைத் திறந்து விடப் போய் ஒரு மணி நேரம் காணாமப் போன மாப்பிள்ளை இவர். உங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் மாப்பிள்ளை ஓடிப்போயிட்டான்னு மூலைக்கு மூலை தேடினீங்களே, ஞாபகம் இருக்கா? நான் அலங்காரத்தோட உட்கார்ந்துக்கிட்டு, போனா போகட்டும், புடவையாவது மிச்சம்னு நினைச்சேன். அப்படிப்பட்ட ஆள் ஆறு நாளா நாற்காலியில உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்கார். போன்ல கூப்பிட்டுச் சொல்லாம ஏன் இந்தக் கடுதாசின்னு கேப்பே. வீட்டுல இருக்கிறது ரெண்டு ரூம், நடுவுல நான் தைச்சுப் போட்ட திரை. இந்தப் பக்கம் நான் முணுமுணுத்தா அந்தப் பக்கத்துலேர்ந்து அவர் பதில் சொல்வார். அதனால மெஷின் மேல காகிதத்தை வச்சு எழுதுறேன். சந்தேகம் வரக் கூடாதுன்னு நடுநடுவே காலால மெஷினை வெறுமனே ஓட்டிக்கிறேன். எழுத்து கோணல்மாணலா இருந்தா அதுக்கு என் படிப்பு பாதி காரணம், இந்த ஆட்டம் பாதி காரணம். அஞ்சாவதோட நின்னவளுக்கு இவ்வளவு வந்ததே பெரிசு.

சரி, கதைக்கு வர்றேன். எட்டு மாசத்துக்கு முன்னாடி நம்ம வீட்டுக்கு நெட்டுப் பெட்டி வந்தது உனக்குத் தெரியும். ரெண்டு கொம்பு வச்சுக்கிட்டு, பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கிட்டு, டிவிக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்குமே, அதேதான். கம்பெனி ஆள் வந்து மாட்டிட்டு, "சார், பாஸ்வேர்டு பெட்டிக்கு அடியில ஸ்டிக்கர்ல இருக்கு, பத்திரம்"னு சொன்னார். உன் அண்ணன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் முகம் அப்படியே மாறிப்போச்சு. முப்பத்தஞ்சு வருஷமா சாவிக் கடை வச்சிருக்கிற ஆளாச்சே. "என்னய்யா இது, பூட்டு முதுகுலேயே சாவி நம்பரை எழுதி ஒட்டியிருக்கீங்க? எந்த அறிவாளி பார்த்த வேலை இது? நாளைக்கு எவன் வந்து குனிஞ்சாலும் படிச்சுட்டுப் போயிடுவானே!"ன்னு ஒரே சத்தம். கம்பெனி ஆள், "எல்லா வீட்டுலேயும் இப்படித்தான் சார்"னார். "அப்ப எல்லா வீட்டுலேயும் திருடு போகும்"னு சொல்லிட்டு, பையிலேர்ந்து பிளேடை எடுத்து ஸ்டிக்கரைச் சுரண்ட ஆரம்பிச்சார். சுரண்டிட்டு விட்டாரா? மிச்சமிருந்த பசையை அரத்தால தேய்ச்சு, துணியால துடைச்சு, விரலால தடவிப் பார்த்து, அப்புறம்தான் கீழே வச்சார். அந்தப் பெட்டியோட அடிப்பக்கம் இப்ப நம்ம வீட்டுலேயே வழவழப்பான இடம். என் கன்னத்தைக்கூட அவர் அவ்வளவு அக்கறையாத் தடவினது கிடையாது.

அப்புறம் தானே ஒரு பாஸ்வேர்டு யோசிச்சு, கம்பெனி ஆளை மாத்தச் சொல்லி, தன் போன்லேயும் டிவியிலேயும் என் போன்லேயும் தானே போட்டுக் குடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். பரீட்சையில பக்கத்துப் பிள்ளை பார்த்து எழுதிடும்னு முழங்கையால மறைக்கிற முதல் பெஞ்சுக்காரன் மாதிரி மறைச்சுக்கிட்டார். "என்னன்னு சொல்லுங்களேன், ஒரு அவசரத்துக்கு"ன்னேன். "அவசரத்துக்கு நான் இருக்கேன்"னார். "எங்கேயாவது எழுதியாவது வைங்க"ன்னேன். அதுக்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "சாவி நம்பரை எழுதி வச்சுக்கிறவன் வேற கடை வைக்கணும், சாவிக் கடை வைக்கக் கூடாது." பேசினது உன் ரத்தம், நான் பதில் பேச முடியுமா? ரசம் கொதிக்குதுன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டேன்.

எட்டு மாசம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு தடவை போட்டா போன்களே ஞாபகம் வச்சுக்குதாம், திரும்பக் கேக்கிறதில்லை. வினை என் கையாலதான் வந்துச்சு. ஒரு ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டரை அவசரமாத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேனா, பாவாடைக் குவியலுக்கு அடியில என் போன் படுத்திருந்தது எனக்குத் தெரியலை. இஸ்திரிப் பெட்டியை வச்சு ஒரே இழுப்பு. ஏதோ மடிப்பு மேடா நிக்குதேன்னு இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். வாசனை வந்த பிறகுதான் தூக்கிப் பார்த்தேன். போன் அப்பளம் மாதிரி வளைஞ்சு போச்சு. பாவாடை மட்டும் ஒரு சுருக்கம் இல்லாம நின்னுச்சு, அதைச் சொல்லியே ஆகணும். வெளியூர்ல வேலை பார்க்கிற என் பொண்ணுக்கு, அதான் உன் மருமகளுக்கு, சேதி போச்சு. "அம்மா, இனிமே நீ துணி தேய்க்கும்போது போனைக் கழுத்துல கட்டித் தொங்கவிட்டுக்கோ"ன்னு புத்திமதியும் புதுப் போனும் சேர்த்து அனுப்பி வச்சா.

போன ஞாயித்துக்கிழமை காலையில அதைத் திறந்தோம். நெட்டுக்குப் போனா ஒரு பட்டியல் வந்துச்சு, நாலஞ்சு பேரு. நம்ம கம்பெனி பேர் இருந்ததைத் தொட்டேன். பாஸ்வேர்டு கேட்டுச்சு. போனை அவர்கிட்ட நீட்டினேன்.

"ஏங்க, சாவி கேக்குது."

"கொண்டா இப்படி"ன்னு வாங்கி, வழக்கம்போல முழங்கையால மறைச்சு, டொக்டொக்குன்னு தட்டினார். பாஸ்வேர்டு தப்புன்னு வந்துச்சு.

"விரல் தடிமனா இருக்குல்ல, பக்கத்து எழுத்துல பட்டிருக்கும்"னார். மறுபடி தட்டினார். தப்பு. மூணாவது தடவை ஒவ்வொரு எழுத்தா, உதட்டை அசைச்சுக்கிட்டுத் தட்டினார். தப்பு. எழுந்து போய்க் கையைக் கழுவித் துடைச்சுட்டு வந்து தட்டினார். அதுக்கும் தப்பு. அவரோட பழைய போன்ல நெட்டு ஜோராப் பாட்டுப் பாடிக்கிட்டு இருக்கு, டிவி ஓடுது, இந்தப் புதுப் போன் மட்டும் தப்பு தப்புன்னு வாசல்லேயே நிறுத்தி வைக்குது. முப்பது தடவையாவது போட்டிருப்பார்.

நான் சும்மா இருந்தேனா? உனக்குத் தெரியாதா என் வாயை. "ஊருக்கெல்லாம் டூப்ளிகேட் போட்டுக் குடுக்கிறீங்களே, உங்க மூளைக்கும் ஒண்ணு போட்டு ஆணியில மாட்டியிருக்கக் கூடாதா?"ன்னேன். "கடைக்கு ஒரு ஆள் வந்திருக்கார், வீட்டைத் திறக்கணுமாம், ஆனா வீடு அவரோடதுதானான்னு அவருக்கே சந்தேகமாம்"னேன். அவர் நாற்காலியில உட்கார்ந்து போனையே பார்த்துக்கிட்டு இருந்தார். நான் பாட்டுக்குத் தெருவுக்குப் போய், பால் ஊத்துற அம்மாகிட்ட, எதிர்வீட்டு நர்ஸ்கிட்ட, யூனிஃபார்ம் வாங்க வந்த டீச்சர்கிட்ட, எல்லார்கிட்டேயும் இந்தக் கதையை நடிச்சுக் காட்டிட்டு, சிரிச்சு வயிறு வலிச்சு வீட்டுக்கு வந்தா, அவர் அதே நாற்காலியில அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. இருபத்தொன்பது வருஷத்துல நான் ஒண்ணு சொன்னா அவர் ரெண்டாத் திருப்பித் தராத நாளே கிடையாது. நான் குண்டாயிட்டேன்னு வருத்தப்பட்டா, "அளவெடுக்க டேப் பத்தலையா, ரெண்டை ஒட்டிக்கோ"ன்னு சொல்ற ஆள். என் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு டாக்டர்கிட்ட, "வயித்துல இருக்கிற கல்லை எடுத்தது சரி, வாயில இருக்கிற கத்தியையும் எடுத்திருக்கலாமே"ன்னு கேட்டவர். அந்த மனுஷன் நாள் பூரா நான் குத்தின குத்துக்கு ஒரு வார்த்தை பேசலை.

திங்கக்கிழமை கடைக்குப் போகலை. கேட்டதுக்கு, "இன்னைக்கு வேண்டாம்"னார். சாப்பாட்டு மேசையைத் துடைக்கச் சொல்லி, சனிக்கிழமையே கடையிலேர்ந்து எடுத்துக்கிட்டு வந்திருந்த நாப்பது சாவியைப் பரப்பி வச்சு, "ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டு, யாரோடதுன்னு சொல்றேன்"னார். நான் எடுத்துக் காட்டக் காட்ட, "தபால் ஆபீஸ் பின்கதவு. சைக்கிள் கடைக்காரர் கல்லாப்பெட்டி. அது நர்ஸோட ஸ்கூட்டர், பல்லு ஒண்ணு தேய்ஞ்சிருக்கும் பாரு"ன்னு நாப்பதும் சொன்னார். ஒண்ணு தப்பலை. நான் கைதட்டினேன். "பாருங்க, என்ன ஆச்சு உங்களுக்கு, ஒண்ணும் ஆகலை!"ன்னேன். அவர் சாவியையெல்லாம் ஒவ்வொண்ணா பைக்குள்ள போட்டுக்கிட்டே, "இதெல்லாம் பழசு. பழசு போகாது. அப்பாவுக்கும் பழசெல்லாம் ஞாபகம் இருந்துச்சே"ன்னார்.

இப்ப உனக்குப் புரிஞ்சிருக்கும் அவர் எதை நினைச்சுக்கிட்டு அந்தச் சுவரைப் பார்க்கிறார்னு.

நான் என்ன செய்வேன் சொல்லு? எப்படியாவது அந்தப் பெட்டியைத் திறந்துட்டா இந்தப் பேச்சே முடிஞ்சுடும்னு நினைச்சேன். செவ்வாய்க்கிழமை ஜெராக்ஸ் கடைக்காரர்கிட்ட போய்க் கேட்டேன். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்துலேயே கிடையாது, அவர் கடை மெஷின் ஏன் கறுப்பாவே அடிக்குதுங்கிறதைத் தவிர. "சப்பை மேட்டர்க்கா. பெட்டிக்குப் பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதுக்குள்ள ஊசியை விட்டுப் பத்து எண்ற வரைக்கும் அமுக்கிப் பிடி. பாஸ்வேர்டு எல்லாம் அழிஞ்சு, பெட்டி பொறந்த குழந்தை மாதிரி ஆயிடும்"னார். ஊசியா? நம்மகிட்ட இல்லாத ஊசியா! ஒன்பதாம் நம்பர்லேர்ந்து சாக்கு தைக்கிற கோணி ஊசி வரைக்கும் வச்சிருக்கேன். ஓடி வந்து, ஓட்டைக்குப் பொருத்தமா ஒண்ணு எடுத்து, உள்ளே விட்டு, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி, எதுக்கும் இருக்கட்டும்னு இருபது வரைக்கும் அமுக்கினேன். பச்சை விளக்கு அணைஞ்சு, எல்லா விளக்கும் ஒண்ணா எரிஞ்சு, மறுபடி அணைஞ்சு, கடைசியில ஒண்ணு மட்டும் சோகமா எரிஞ்சுது. டிவி நின்னுச்சு. அவர் போன்ல பாட்டு நின்னுச்சு. அதுவரைக்கும் ஒரு போன்தான் வாசல்ல நின்னுச்சு, இப்ப வீடே வாசல்ல நிக்குது.

ஜெராக்ஸ்காரருக்குப் போன் போட்டேன். "ஆயிடுச்சா? பலே. இப்ப பெட்டியைத் திருப்பி, அடியில ஸ்டிக்கர்ல இருக்கும் பாரு, கம்பெனி பாஸ்வேர்டு, அதைப் போடு"ன்னார்.

நாத்தனாரே, நான் பெட்டியைத் திருப்பினேன். என் முகமே தெரிஞ்சுது.

திரும்பிப் பார்த்தா உன் அண்ணன் திரை ஓரமா நிக்கிறார். பெட்டியை வாங்கி, அந்த வழவழப்பை விரலால ஒரு தடவை தடவிட்டு, என்கிட்டேயே குடுத்துட்டுப் போயிட்டார். திட்டலை. ஏண்டி ஊசி விட்டேன்னு ஒரு வார்த்தை? கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் பயமாப் போச்சு.

புதன்கிழமை கம்பெனிக்குப் போன் பண்ணோம். ஒண்ணை அமுக்கு, நாலை அமுக்குன்னு ஒரு பொம்மைக் குரல் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அரை மணி நேரம் அமுக்கின பிறகு உயிருள்ள ஒரு பொண்ணு வந்துச்சு. நல்ல பொண்ணு, குரல்ல தேன். "சார், உங்க பாதுகாப்புக்காக உங்க பிறந்த தேதியைச் சொல்லுங்க"ன்னுச்சு. உன் அண்ணன் சொன்னார். "மன்னிக்கணும் சார், எங்க பதிவுல வேற தேதி இருக்கு"ன்னுச்சு. அவர் மறுபடி சொன்னார். அந்தப் பொண்ணு மறுபடி மன்னிப்புக் கேட்டுச்சு. உன் அண்ணன் போனைக் கீழே வச்சுட்டு என்னைப் பார்த்தார் பாரு ஒரு பார்வை, என் எதிரிக்கும் அந்தப் பார்வை வேண்டாம். "நான் பொறந்த தேதியும் போச்சு"ன்னார்.

நான் போனைப் பிடுங்கிக்கிட்டேன். "அம்மாடி, இவர் சொன்னது இவங்கம்மா பெத்த தேதி. உங்க பதிவுல இருக்கிறது பள்ளிக்கூடத்துல சேர்க்கிறதுக்காக இவங்கப்பா பெத்த தேதி. ஏழு மாசம் முன்னப்பின்ன இருக்கும்"னு சொல்லி, அந்தத் தேதியையும் சொன்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு, சரியா இருக்கும்மான்னுச்சு. ஆனா பாஸ்வேர்டைப் போன்ல சொல்ல மாட்டாங்களாம், ஆள்தான் வரணுமாம். காலையில ஒன்பது மணியிலேர்ந்து சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள, ஏதாவது ஒரு நாள் வருவாராம். "எந்த நாள்மா?"ன்னேன். "விரைவில்"னுச்சு. அப்படி ஒரு கிழமை எங்க காலண்டர்ல இல்லை. இன்னைக்குச் சனிக்கிழமை, இன்னும் வரலை.

நாத்தனாரே, நெட்டு வந்தா என்ன, வராட்டி என்ன. நான் பொறந்தப்போ எந்தப் பெட்டி கண் சிமிட்டுச்சு? நான் இவ்வளவும் எழுதினது வியாழக்கிழமை நடந்த ஒண்ணுக்காகத்தான். மத்தியானம் நான் பட்டன் தைச்சுக்கிட்டு இருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்து, கடைச் சாவியை மெஷின் மேல வச்சார். "கடையைக் காலி பண்றதா இடத்துக்காரர்கிட்ட சொல்லிடு"ன்னார். நான் கேலியா எடுத்துக்கிட்டு, "ஏன், அந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னு மறந்து போச்சா?"ன்னேன். சொன்ன மறு நிமிஷம் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவர் கோவிச்சுக்கலை. மெதுவாச் சொன்னார்: "என்கிட்ட ஊர் ஜனங்க எதை நம்பிக் குடுக்கிறாங்க? வீட்டுச் சாவியைக் குடுக்கிறாங்க. ஒருத்தர் வீட்டுச் சாவியை மறதியா இன்னொருத்தர் கையில குடுத்துட்டேன்னா? தெரியாத ஆளுக்குத் தெரிஞ்ச ஆள்னு நினைச்சுக் கதவைத் திறந்து விட்டுட்டேன்னா? அப்பா கடைசியில யார் வந்தாலும் 'வாப்பா, உள்ளே வா'ன்னாரே. அது நடக்கிறதுக்கு முன்னாடி நானே மூடிடணும்."

எனக்குப் பட்டன் எங்கே போச்சுன்னே தெரியலை. கீழே குனிஞ்சு ரொம்ப நேரம் தேடுற மாதிரி இருந்தேன்.

அதனால உன்கிட்ட ஒண்ணு கேக்கிறேன். நாலு வருஷம் மாமாவை, உங்கப்பாவை, வச்சுக் காப்பாத்தினவ நீதான். எங்களுக்கு நல்லாத் தெரிஞ்சதெல்லாம் அவர் உன்னையே யாருன்னு கேட்ட பிறகு நடந்தது. அதுக்கு முன்னாடி அவருக்கு எப்படி ஆரம்பிச்சுது? முதல்ல எதை மறந்தார்? மூக்குக்கண்ணாடியையா, வழியையா, பேரையா? இப்படி நேத்து நடந்ததை மறந்து பழசை மட்டும் சொல்வாரா? பொய் சொல்லாதே. என்னைத் தேத்தறேன்னு நினைச்சு மூடி மறைக்காதே. எனக்கு உண்மை தெரிஞ்சா போதும், மிச்சத்தை நான் பார்த்துக்குவேன். இருபத்தொன்பது வருஷமா அவர் மறந்து விட்டுட்டுப் போன குடைகளைத் தேடிக் கொண்டு வந்தவதானே நான், இதையும் தேடிப் பார்க்கிறேன். எதுவா இருந்தாலும், அவர் பயப்படுறப்ப நான் சிரிச்சுக்கிட்டு இருக்கணும், அதுக்கு எனக்குக் கொஞ்சம் முன்கூட்டியே தெரியணும், அவ்வளவுதான். பதிலை என் பேருக்குப் போடு. உறை மேல "தையல் அளவு"ன்னு எழுது. அதை அவர் பிரிக்க மாட்டார். பொம்பளைங்க இடுப்பளவைப் படிக்கிறது மரியாதையில்லைன்னு நினைக்கிற நல்ல மனுஷன்.

உன் பிள்ளைகள் நல்லாப் படிக்கட்டும், என்னை மாதிரி அஞ்சாவதுல நிக்காம ரெண்டு வகுப்பாவது கூடப் போகட்டும். உன் வீட்டுக்காரர் முதுகுவலி தீரட்டும். உன் வீட்டுல விளக்கும் சிரிப்பும் அணையாம இருக்கட்டும். பெரியவங்க எல்லாருக்கும் என் வணக்கத்தையும், சின்னவங்களுக்கு முத்தத்தையும், உனக்கு ஒரு செல்லக் கிள்ளலையும் இதோட மடிச்சு வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
வெறும் மெஷினை ஓட்டி ஓட்டிக் கால் வலிக்கும்
உன் அண்ணி

பி.கு. இன்னைக்குத் திங்கக்கிழமை. மேலே இருக்கிற எதுக்கும் நீ பதில் எழுதாதே. மாமாவைப் பத்தி நான் கேட்டதைக் கேக்கலைன்னு வச்சுக்கோ. கிழிச்சுப் போட்டுடலாம்னுதான் பார்த்தேன், ஆனா ஆயுசுல இவ்வளவு நீளமா நான் எழுதினதே இல்லை, மனசு வரலை.

காலையில கம்பெனி ஆள் வந்தார். எட்டு மாசத்துக்கு முன்னாடி வந்த அதே ஆள். பெட்டியைத் திருப்பிப் பார்த்து, அந்த வழவழப்பைக் கண்டதும் நம்மளை அடையாளம் கண்டுக்கிட்டார். ஒரு கம்பியை மாட்டி ஏதோ செஞ்சுட்டு, "என்ன பாஸ்வேர்டு சார் வைக்கணும்?"னார். உன் அண்ணன் பாஸ்வேர்டை அவர் காதுல சொல்லிட்டு, சத்தமாச் சொன்னார், "என் மனசுல இருக்கிறது இதுதான். அது முன்னாடி சரியோ தப்போ, அதையே வைங்க. இனிமேலாவது சரியா இருக்கட்டும்." வச்சார். "அம்மா போன்ல போட்டுப் பார்த்துடலாமா?"ன்னார். நான் பட்டியலைத் திறந்து, கம்பெனி பேரைத் தொட்டு, போனை இவர்கிட்ட நீட்டினேன். இவர் தட்டினார்.

தப்புன்னு வந்துச்சு.

உன் அண்ணன் முகத்தை நான் பார்க்கலை, பார்க்கத் தைரியம் இல்லை. கம்பெனி ஆள்தான், "இருக்க முடியாதே, இப்பத்தானே நான் வச்சேன்"னு போனை வாங்கிப் பார்த்தார். பார்த்துட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்க எதைத் தொட்டீங்க?"

"நம்ம கம்பெனி பேரைத்தான்."

"எல்லா வீட்டுக்கும் கம்பெனி பேர்தாம்மா வரும். பின்னாடி இருக்கிற எண்தான் வீட்டுக்கு வீடு வேற. உங்களுது ஏழுல முடியும். இது ஒண்ணுல முடியுது. போன மாசம் மாடி வீட்டுக்குக் குடிவந்தாரே, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், அவரோடது. நான்தான் மாட்டிக் குடுத்தேன்."

உன் அண்ணன் மெதுவாக் கேட்டார், "அன்னைக்கு ஞாயித்துக்கிழமையும் நீதானே தொட்டுக் குடுத்தே?"

நான்தான். வேற யாரு? அவர் மறக்கவே இல்லை. ஒரு எழுத்து மறக்கலை. முப்பது தடவையும் சரியான சாவியைத்தான் போட்டிருக்கார், நான் காட்டின அடுத்த வீட்டுப் பூட்டுல. அப்புறம் நல்லா இருந்த நம்ம பூட்டையும் நானே ஊசி விட்டுக் கெடுத்தேன்.

அவர் என்னை மேலேயும் கீழேயும் பார்த்தார். "அஞ்சாவது வரைக்கும் உன்னை யாரு விட்டது? ஒண்ணு எது ஏழு எதுன்னு தெரியாதவளை ஒண்ணாவதுலேயே உட்கார வச்சிருக்கணும். இதுல என் மூளைக்கு டூப்ளிகேட் வேணுமாம்! உன் கண்ணுக்கு முதல்ல ஒரு ஜோடி போடணும். மாடியிலேயே கடைக்காரர் இருக்கார், ஏறிப்போய் நிக்கிறியா, இல்லை அதுக்கும் அடுத்த வீட்டு மாடிக்குப் போயிடுவியா?"ன்னார். இருபத்தொன்பது வருஷத்துல அவர்கிட்ட எத்தனையோ வாங்கிக் கட்டிக்கிட்டு இருக்கேன், ஒண்ணுக்குக்கூட நான் அழுததில்லை. இதுக்குத்தான் அழுதேன். கம்பெனி ஆள் பாவம், தன்னாலதான் சண்டைன்னு நினைச்சுப் பையை எடுத்துக்கிட்டு எழுந்துட்டார்.

உன் அண்ணன் அவரை உட்கார வச்சார். "அந்தப் பாஸ்வேர்டை மாத்துங்க. அடுத்தவன் பூட்டுல முப்பது தடவை விட்டுத் திருகின சாவி, இனிமே அது நமக்கு ஆகாது"ன்னு சொல்லி, காதுல புதுசு ஒண்ணு சொன்னார். சவரம்கூடப் பண்ணலை, சட்டையை மாட்டிக்கிட்டே கடைச் சாவி எங்கேன்னு கேட்டார். எடுத்துக் குடுத்தேன்.

அவர் செருப்பு மாட்டுறப்ப கம்பெனி ஆள் சட்டைப் பையிலேர்ந்து பேனாவை எடுத்து, "எதுக்கும் புதுப் பாஸ்வேர்டை ஒரு காகிதத்துல எழுதி அம்மாகிட்ட குடுத்துடட்டுமா சார்?"னார். உன் அண்ணன் வாசல்லேயே நின்னு என்னைத் திரும்பிப் பார்த்தார். காகிதம் வேண்டாம்னு சொல்லி, நான் அந்தப் பேனாவைக் கேட்டு வாங்கிக்கிட்டேன். அதுலதான் உனக்கு இந்தப் பி.கு.வை எழுதிக்கிட்டு இருக்கேன்.